உணவுவழி நோய்ப் புலனாய்வாளர்கள்

சாப்பாட்டின் வழியே பரவும் நோய்க்கு எந்தப் பண்டம் காரணம், அது எங்கே கெட்டது என்று தேடிக் கண்டுபிடித்து, மேலும் பலர் நோயில் விழாமல் தடுக்கும் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள். தொற்றுநோயியல் நிபுணர்கள், ஆய்வக நுண்ணுயிரியலாளர்கள், சமையற்கூடங்களைச் சோதிக்கும் சுகாதார ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து செய்யும் வேலை இது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 60 கோடிப் பேர் உணவால் நோயுறுகிறார்கள், 4.2 லட்சம் பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1.25 லட்சம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இத்துறையின் முறைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவாயின. ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று யாரிடம், எப்படிக் கேட்பது, வரும் பதிலை எவ்வளவு தூரம் நம்புவது என்று படிப்படியாகக் கற்றுக்கொண்டதே இதன் வரலாறு.

தொடக்கம்

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் மருத்துவராகவும் கவிஞராகவும் இருந்த யூஸ்டினுஸ் கெர்னர், சாசேஜ் தின்றவர்களுக்கு இமை சரிவதையும் தொண்டை அடைப்பதையும் கவனித்து 1820, 1822ஆம் ஆண்டுகளில் நூல்களாக எழுதினார். நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து உணவோடு பொருத்திப் பார்த்த முன்னோடி அவர். அந்த நச்சுக்குக் காரணமான கிருமி அகப்பட மேலும் எழுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டில் வாசித்த இசைக்குழுவினர் பதனிட்ட பன்றித்தொடையைச் சாப்பிட்டு நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். மிஞ்சிய இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கெம் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பொட்டுலிசம் என்று இன்று அறியப்படும் நோய் அது. அதற்குமுன் 1888இல், நோயுற்ற மாட்டின் இறைச்சியால் ஜெர்மனியில் பரவிய நோய்க்குக் காரணமான சால்மொனெல்லா வகையை அகுஸ்ட் கெர்ட்னர் கண்டறிந்திருந்தார்.

1906 கோடையில் நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், வாடகை வீடொன்றில் தங்கியிருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு கண்டது. தண்ணீர், பால், கழிப்பறை எதிலும் குறை தெரியவில்லை. வீட்டுக்காரர் அமர்த்திய சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர், சமையல்காரி மேரி மாலன் முன்பு வேலை பார்த்த வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்தார். எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு வந்திருந்தது. மொத்தம் 22 பேர். நோயின் அறிகுறி ஏதுமில்லாமல் கிருமியைச் சுமந்து பரப்பக்கூடியவர் உண்டு என்பது அமெரிக்காவில் இவ்வழக்கால் நிலைபெற்றது. மேரிக்கு நேர்ந்தது கொடுமை. 1907இல் பிடித்துத் தீவொன்றில் அடைத்தார்கள். சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1910இல் விடுவித்தார்கள். சலவை வேலையில் வயிறு நிறையவில்லை. வேறு பெயரில் மீண்டும் சமைக்கப்போய், 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு நோய் வர, 1938இல் சாகும்வரை அதே தீவில் வைத்திருந்தார்கள். பிற்பாடு கண்டறியப்பட்ட நூற்றுக்கணக்கான கிருமிதாங்கிகள் வெளியில் வாழ அனுமதிக்கப்பட்டதோடு ஒப்பிட்டால், இதைத் தண்டனை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் அவர் பிழைப்புக்கு வழி என்ன என்ற கேள்விக்குச் சுகாதாரத் துறை அன்று பதில் வைத்திருக்கவில்லை.

ஆஸ்வீகோ விருந்து

நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ மாவட்டத்தில், 1940 ஏப்ரல் 18 அன்று மாலை ஒரு தேவாலயத்தில் விருந்து நடந்தது. ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வந்திருந்தார்கள். அன்றிரவே பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. விருந்துக்கு வந்த 80 பேரில் 75 பேரை விசாரணையாளர்கள் சந்தித்தார்கள். 46 பேர் நோயுற்றிருந்தார்கள். மற்ற 29 பேரிடமும் அதே பட்டியலை நீட்டி, எதைச் சாப்பிட்டார்கள், எதைத் தொடவில்லை என்று குறித்துக்கொண்டதுதான் இந்த விசாரணையின் சிறப்பு.

பன்றி இறைச்சி தின்ற 46 பேரில் 29 பேர் விழுந்திருந்தார்கள்: 63 சதவீதம். தின்னாதவர்களிலும் 59 சதவீதத்தினர் விழுந்திருந்தார்கள். ஆக, இறைச்சிமேல் பழி நிற்கவில்லை. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் நோயுற்றிருந்தார்கள்; சாப்பிடாத 21 பேரில் மூவர் மட்டுமே. நோயாளிகளிடம் மட்டும் கேட்டிருந்தால் இறைச்சி, உருளைக்கிழங்கு, காபி எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும். ஐஸ்கிரீம் கலவை முந்தின நாள் பிற்பகலே காய்ச்சப்பட்டு, இரவு முழுக்கத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குளிரூட்டாமல் கிடந்தது. இன்றும் உலகெங்கும் தொற்றுநோயியல் பயிலும் மாணவர்களிடம் இந்த 75 பேரின் பட்டியலைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறார்கள்.

நிறுவனங்கள்

கொரியப் போர் நாளில் உயிரியல் ஆயுத அச்சத்தைக் காரணம் காட்டி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அலெக்சாண்டர் லாங்முயர் 1951இல் தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணி என்ற ஈராண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். அடி தேய்ந்து ஓட்டை விழுந்த ஷூ அதன் சின்னம். நடந்து அலைந்து விசாரிப்பதையே இந்த வேலையின் அடையாளமாக அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆபத்து நேரக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கணித்து அங்கே கட்டுப்பாடு வைக்கும் ஹேசாப் முறை வேறொரு திசையிலிருந்து வந்தது. விண்வெளி வீரர்களுக்கான உணவுக்காக 1960களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து வகுத்த முறை அது.

இவ்விரண்டும் இருந்தும் 1993இல் பேரிழப்பு நேர்ந்தது. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற வகை 1982இலேயே ஹாம்பர்கரில் கண்டறியப்பட்டிருந்தது. இரத்தக் கழிச்சலில் தொடங்கிக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும் கிருமி அது. 1993 ஜனவரியில் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அத்தகைய நோயாளிகள் பெருகுவதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தது. வாஷிங்டன் மாநிலம் இந்நோயை 1987 முதலே கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியிருந்ததால் விசாரணை சில நாட்களில் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களின் சரிவர வேகாத ஹாம்பர்கரில் போய் நின்றது. சுமார் 2.5 லட்சம் இறைச்சித் துண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. நெவாடாவிலும் அதே இறைச்சியால் நோய் பரவியிருந்தது. ஆனால் அங்கிருந்த ஆய்வகங்கள் அந்தக் கிருமிக்கான சோதனையைச் செய்யவில்லை. வாஷிங்டனிலிருந்து செய்தி வந்த பிறகே அங்குள்ளவர்களுக்கு விஷயம் தெரிந்தது. நான்கு மாநிலங்களில் 700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டே, அரைத்த பச்சை மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அது விற்கத் தகாதது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. இறைச்சிக் கூடங்களுக்கு ஹேசாப் 1996இல் கட்டாயமானது. கிருமியின் மரபணுக் கைரேகையை மாநில ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் பல்ஸ்நெட் வலையமைப்பும் அதே ஆண்டில் தொடங்கியது. பல மாநிலங்களில் தனித்தனியாகப் படுத்த பத்துப் பேரும் ஒரே பண்டத்தால் நோயுற்றவர்களா என்று ஆய்வகத்தால் இப்போது சொல்ல முடிந்தது. அந்தப் பண்டம் எது என்பதை மனிதர்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

நினைவு பொய்க்கும்போது

2008இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா செயின்ட்பால் பரவியபோது நோயாளிகள் தக்காளியைச் சொன்னார்கள். ஜூனில் நாடெங்கும் எச்சரிக்கை விடப்பட்டு, தக்காளி விவசாயிகள் பெரும் நட்டம் அடைந்தார்கள். நோய் நிற்கவில்லை. மினசோட்டா மாநில விசாரணையாளர்கள் ஒரே உணவகத்தில் சாப்பிட்டவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பதார்த்தத்திலும் சேர்ந்த சாமான்களைப் பிரித்துப் பார்த்தபோது ஹாலப்பீனியோ மிளகாய் அகப்பட்டது. மொத்தம் 1,400க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சட்னியில் தக்காளியைக் கவனிப்பவர்கள் அதில் அரைபட்ட மிளகாயை நினைவில் வைப்பதில்லை.

2011 மே மாதம் வடஜெர்மனியில் ஈ.கோலை ஓ104:எச்4 பரவியது. ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சாட்டினார்கள். அது தவறென்று தெரிவதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது. ஜெர்மனியின் தேசியப் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனம் வேறு வழியில் போனது. ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களிடம் எந்தத் தட்டை வரவழைத்தார்கள் என்று மட்டும் கேட்டு, ரசீதுகளையும் புகைப்படங்களையும் சேர்த்துக்கொண்டு, தட்டில் என்னென்ன சேர்த்தார்கள் என்பதைச் சமையல்காரரிடம் கேட்டது. முளைகட்டிய தானியக் கலவை சிக்கியது. கீழ் சாக்சனியின் ஒரு பண்ணை வழியாக, எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதை வரை தடம் சென்றது. ஜெர்மனியில் மட்டும் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 53 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில்

2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்திரப் பட்டியலில் வயிற்றுப்போக்கும் உணவு நஞ்சும் அடிக்கடி இடம்பெறுகின்றன. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களப் புலனாய்வாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், உணவு நஞ்சு குறித்து மருத்துவர்கள் அறிவிக்கும்படி ஆணையிட 35ஆம் பிரிவில் வழி செய்திருக்கிறது. கல்யாண விருந்திலோ விடுதியிலோ ஃபுட் பாய்சன் என்றதும் சமையற்கூடத்தைச் சோதித்து மாதிரி எடுப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அது தேவையான காரியம். ஆனால் அண்டாவைக் கழுவிவிட்ட பிறகு மாதிரியில் எதுவும் மிஞ்சாது; அப்போது கைகொடுப்பது, சாப்பிட்டும் நோயுறாதவர்களையும் சேர்த்துக் கேட்டெழுதும் ஆஸ்வீகோ பட்டியல்தான். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும்.

இன்றைய நிலை

பல்ஸ்நெட் 2019 முதல் கிருமியின் முழு மரபணுத் தொடரையே படிக்கிறது. அதே காலத்தில் மருத்துவமனைகள், கிருமியை வளர்க்காமலே சில மணி நேரத்தில் விடை சொல்லும் மலச் சோதனைகளுக்கு மாறி வருகின்றன. நோயாளிக்கு இது நன்மை. ஆனால் வளர்த்த கிருமி இல்லாவிட்டால் மரபணுத் தொடரைப் படித்து ஒப்பிட வழியில்லை. அதனால் விரைவுச் சோதனையில் கிருமி தென்பட்ட மாதிரிகளைப் பொதுச் சுகாதார ஆய்வகங்களுக்கு அனுப்பி, அங்கே வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்க மாநிலங்கள் பல செய்துவருகின்றன.