கண்புரைச் சஸ்திர சிகிச்சையும் அதன் உபாதைகளும்

கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஒளி புகாதபடி மங்கிவிடும்போது, அதை ஒதுக்கியோ அகற்றியோ பார்வையை மீட்கும் முறை கண்புரைச் சஸ்திர சிகிச்சை எனப்படும். இதன் சரித்திரத்தைப் புதுக் கருவிகளின் வரிசையாக எழுதுவதே வழக்கமெனினும், ஒவ்வொரு முறையும் முந்தையதன் அபாயத்தைக் குறைத்துத் தனக்கே உரிய வேறோர் அபாயத்தைக் கொண்டுவந்திருப்பதால், பின்விளைவுகளின் வழியே பார்த்தால்தான் இச்சிகிச்சை இன்றைய ரூபத்தை அடைந்த காரணம் விளங்கும்.

சுசுருத சம்ஹிதையின் உத்தரதந்திரம், யவதானிய முனைபோன்ற நுனியுள்ள சலாகையால் கண்ணைத் துளைக்கும் விதத்தை விவரிக்கிறது. துளைத்த பிறகு நோயாளி தும்மலும் இருமலும் ஏப்பமும் இன்றி அசையாமல் கிடக்க வேண்டும் என்றும், தவறான இடத்தில் துளைத்தால் ரத்தமும் வலியும் வீக்கமும் உண்டாகும் என்றும் எச்சரிக்கிறது. அபாயங்களைச் சொல்லாமல் சிகிச்சையை மட்டும் சொல்லிப்போகும் நூல்கள் பிற்காலத்திலும் மலிந்திருக்க, அந்த ஆதி நூலின் நேர்மை போற்றத்தக்கது. பெரும்பாலோர் கருத்துப்படி இங்கே கூறப்படுவது, மங்கிய வில்லையை விழியின் பின்னறையிலுள்ள கூழுக்குள் தள்ளிவிடும் முறையே. தள்ளிய கணத்தில் ஒளி உட்புகுவதால் நோயாளி எதிரே நீட்டிய விரல்களை எண்ணிச் சொல்லி மகிழ்வான். ஆயினும் உள்ளே கிடக்கும் வில்லை நாளடைவில் அழற்சியையும் கண் அழுத்தத்தையும் விளைவிக்கக்கூடும். அவை தலைகாட்டுவதற்குள், ஊர் ஊராகச் சென்று கூலி பெற்ற சிகிச்சையாளன் வேறோர் ஊரில் இருப்பான்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ரதத்தில் ஏறி அரசவைகளுக்கும் நகரங்களுக்கும் சென்று தம் திறமையைத் தாமே புகழ்ந்து பேசிக் கண்களைத் தொட்டுவந்தார். 1750-இல் லைப்சிக் நகரில் அவர் சங்கீத மேதை பாக்கின் கண்களைச் சிகிச்சை செய்தார். பாக் பார்வை பெறாமல் அவ்வாண்டு ஜூலையில் காலமானார்.

இவ்வாறு வில்லையைத் தள்ளிவிட்ட கண்களின் கதியை ஒழுங்காகக் கணக்கெடுக்க முனைந்தவர்களுள் முக்கியமானவர் சென்னை அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட். அம்மருத்துவமனை 1819-இல் தோன்றி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. கிராமத்து வைத்தியரிடம் சென்றுவந்த கண்களை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து, அவற்றில் பெரும்பான்மை பயனற்றுப் போயின என்று அவர் காட்டினார். 1918-இல் வெளிவந்த அவருடைய நூல் இவ்விஷயத்துக்கு இன்றும் மூல ஆதாரம். பார்வை மீண்டவன் மருத்துவமனையின் வாசலுக்கு வரவேண்டிய அவசியமில்லை என்பதையும் வாசகர் மனத்தில் வைத்தே இத்தகைய கணக்குகளைப் படிக்க வேண்டும். எலியட் கண் அழுத்த நோய்க்காக 1909-இல் விழியின் ஓரத்தில் சிறு வட்டத்துளையிடும் முறையொன்றை வகுத்துப் பெயர் பெற்றார். அத்துளையின் வழியே வெகு நாட்களுக்குப் பிறகும் தொற்று உட்புகக்கூடும் என்பது அந்த முறையை நெடுங்காலம் தொடர்ந்த குறை. இவற்றுக்கெல்லாம் முன்பே, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்திலேயே, நோயுற்ற கண்களின் சித்திரங்களோடு கூடிய சிகிச்சைக் குறிப்புகள் எழுதப்பெற்றன. அவை சரஸ்வதி மகாலில் பாதுகாக்கப்படுகின்றன.

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை வகுத்தவர் பிரெஞ்சுக்காரர் ழாக் தவியேல். 1747-இல் தொடங்கிய தம் அனுபவத்தை 1753-இல் வெளியிட்டார். உள்ளே விட்ட வில்லையால் வரும் கேடு இதனால் ஒழிந்தது. ஆனால் கருவிழியில் தையலில்லாத பெருங்காயம் பிறந்தது. ஒரு முக்கலில் உட்பொருள் பிதுங்கி வெளிவரலாம் என்ற பயத்தால், தலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை அண்டக் கொடுத்து முதியவர்களைப் பல நாள் அசையாமல் மல்லாத்திக் கிடத்தினார்கள். கண் பிழைத்தும் நுரையீரலில் சளி கட்டி ஆள் மாண்டுபோவது இதன் மறுபக்கமாயிற்று.

மயக்க மருந்தின் கதையும் இக்காயத்தைச் சுற்றியே நடந்தது. 1846-இல் ஈதரும் 1847-இல் குளோரோபாரமும் ஏனைய சஸ்திர வைத்தியர்களை ஆனந்தத்தில் ஆழ்த்தியபோது, கண் வைத்தியர்கள் தயங்கி நின்றார்கள். ஏனெனில், தெளியும்போது வரும் வாந்தி அந்தத் தையலற்ற வாயைத் திறந்துவிடும். 1884-இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்னும் இளைஞர், கொக்கேய்ன் சொட்டு விழியை மரத்துப்போகச் செய்வதைக் கண்டார். ஹைடல்பர்க் மாநாட்டுக்குச் செல்லப் பணமில்லாமையால் அவர் கட்டுரையை வேறொருவர் வாசித்தார். அம்மருந்து கருவிழியின் மேற்படலத்தைக் கெடுத்ததும், மிகுந்தால் உயிருக்கே ஆபத்தாயிருந்ததும் விரைவிலேயே தெரிந்தன. ஆகவே ஊசிவழி மரக்கச் செய்வதில் 1905 முதல் புரோக்கேய்ன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சொட்டால் மரக்காத ஆழத்துக்கு, விழியின் பின்னே ஊசி செலுத்தினார்கள். அங்கே குருட்டுத்தனமாய்ச் செல்லும் கூரிய முனை ரத்தக் குழாயைக் கிழித்தால் விழி முன்தள்ளிப் புடைக்கிறது. கிட்டப்பார்வையால் நீண்டிருக்கும் விழியானால் முனை சுவரையே துளைத்துவிடக்கூடும். பார்வை நரம்பின் உறை மூளையின் உறையோடு தொடர்ந்திருப்பதால், அதற்குள் மருந்து இறங்கிவிட்டால் சில நிமிஷங்களில் மூச்சு நின்றுபோகும். ஊசி நுழையும்போது கண்ணை மேல்நோக்கி மூக்குப் பக்கமாகத் திருப்பும்படி சொல்ல வேண்டும் என்று அட்கின்சன் 1936-இல் போதித்ததைத் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் கடைப்பிடித்தனர். 1981-இல் உள்ளுறுப்புகளை அடுக்கடுக்காகக் காட்டும் ஊடுகதிர்ப் படங்களை வைத்து ஆராய்ந்தபோதோ, அவ்வாறு திருப்பினால் பார்வை நரம்பே ஊசி செல்லும் பாதைக்கு நெருங்கி வருகிறது என்பது வெளியாயிற்று. பாதுகாப்புக்கென்று வகுத்த விதியே ஆபத்துக்கு வழிவிட்டதற்கு வைத்திய சரித்திரத்தில் இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. 1986-இல் விழியைச் சுற்றி மட்டும் மருந்தைப் பரப்பும் முறையும், பின்னர் மழுங்கிய குழலால் விழியின் வெளியுறைக்கு அடியில் செலுத்தும் முறையும், 1990-களில் வெறும் சொட்டோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் பரவின. விழியை அழுத்தும்போது இதயத்துடிப்பு தளர்ந்துபோவதை 1908-இல் ஆஷ்னரும் தாக்னீனியும் தனித்தனியே கண்டறிந்திருந்தார்கள். விழித் தசையை இழுக்கும்போதும் அவ்வாறே நேர்வதால்தான், மாறுகண் சிகிச்சை பெறும் குழந்தைகளின் நாடியை மயக்க மருத்துவர் விடாமல் கவனிக்கிறார்.

1949 நவம்பர் 29-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி, எடுத்த வில்லைக்குப் பதிலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தத் துணிந்தார். போரில் விமானிகளின் கண்களில் புகுந்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்தது அவருக்குப் பிடிகொடுத்தது. முதல் வில்லையின் சக்தி மிகையாய் அமைந்து நோயாளிக்குக் கடும் கிட்டப்பார்வையைத் தந்தது. 1950-களில் பிறர் கண்ணின் முன்னறையில் பொருத்திய வில்லைகளோ கருவிழியை உரசிப் பலருடைய பார்வையை மங்கச் செய்தன. ரிட்லியைப் பலகாலம் பழித்த சக வைத்தியர்கள் பின்னால் மனம் மாறினர். 2000-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

சார்லஸ் கெல்மன் 1967-இல், பல் மருத்துவரின் அதிர்வுக் கருவியைக் கண்டு, வில்லையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். காயம் சில மில்லிமீட்டராகச் சுருங்கியதால் மணல் மூட்டைகள் மறைந்தன. அதற்கு ஈடாக, வில்லையின் பின்னுறை கிழிந்து துண்டு கூழுக்குள் நழுவுவது புதிய பயமாயிற்று. விழிக்குள் சீழ் பிடிப்பது இன்றும் மிகக் கொடிய உபாதை. 1976-இல் மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், சிகிச்சையின் முடிவில் மாக்ஸிஃபிளாக்ஸசின் மருந்தை விழிக்குள்ளேயே செலுத்தினால் அவ்வுபாதை சதவீதம் 0.07-இலிருந்து 0.02 ஆகக் குறைவது 2017-இல் வெளியிடப்பட்டது.

உபாதை கண்ணிலிருந்தே தொடங்க வேண்டுமென்பதும் இல்லை. புராஸ்டேட் வீக்கத்துக்கு வயோதிகர் உட்கொள்ளும் டாம்சுலோசின் என்ற மாத்திரை, கதிராளி என்னும் வண்ணத்திரையைத் தொளதொளவென்றாக்கி, சிகிச்சையின் நடுவே அது காயத்தின் வழியே நழுவும்படி செய்வதாக 2005-இல் கண்டறியப்பட்டது. மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தினாலும் விளைவு மாறும் என்ற நிச்சயமில்லையாதலால், கண் வைத்தியர் சிறுநீர் மருந்தைப் பற்றி முதலில் கேட்டுக்கொண்டு, கதிராளியை விரித்துப் பிடிக்கும் வளையத்தையும் கையருகே வைத்துக்கொள்கிறார்.