கொல்லிமலையில் இரண்டு நாள்: ஒரு பயண வழக்கத்தின் வரலாறு

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்கில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்பது கொல்லிமலை. மேற்பரப்பு ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாகப் பரந்திருக்கிறது. அதில் குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என 14 நாடுகள் உண்டு. ஒவ்வொரு நாடும் இன்று ஓர் ஊராட்சி. சனிக்கிழமை காலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறி, ஞாயிறு மாலையில் இறங்கிவிடும் பயணிகளால்தான் இம்மலை இப்போது வெளியூர்களில் அறியப்படுகிறது. இந்த வழக்கம் மிக அண்மையானது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஆகியவற்றுக்கு வாய்த்த வரலாறு கொல்லிமலைக்கு வாய்க்கவில்லை.

பழைய இலக்கியத்தில் கொல்லி, ஓய்வெடுக்கப் போகும் இடமே அல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு அது. பரிசில் நாடிய பாணரும் புலவரும் அவனைத் தேடி வந்தார்கள். திருக்கோவலூர் காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியையும் சங்கப் பாடல்கள் பதிவு செய்கின்றன. ஆனால் அப்பாடல்களில் மலையின் பெயரோடு மிக அதிகமாக ஒட்டிவரும் செய்தி கொல்லிப்பாவையைப் பற்றியது. பார்ப்பவரைச் சிரித்து மயக்கி உயிரைப் பறிக்கும் பாவை என்பது நம்பிக்கை. வருகிறவரைக் கொல்லும் சிலையைத் தன் முதல் அடையாளமாகக் கொண்ட சுற்றுலாத் தலம் வேறு இருக்கும் என்று தோன்றவில்லை. இப்போது எட்டுக்கை அம்மனாக வணங்கப்படுபவள் அந்தப் பாவையே என்று உள்ளூர் வழக்கு சொல்கிறது.

மலையேறும் பழக்கத்தை முதலில் உண்டாக்கியது கோயில்தான். வளப்பூர் நாட்டில் அய்யாற்றின் கரையில் இருக்கும் அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று. அங்கே சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டது. சமைப்பதற்காக அறுத்த மீன்களை உயிர்ப்பித்துத் துள்ள வைத்தவர் இவ்விறைவன் என்பது தலக்கதை. அதனால் ஆற்று மீன்களுக்கு இரை போடுவது இன்றும் வழிபாட்டின் ஒரு பகுதி. ஆடிப் பதினெட்டு அன்று சமவெளி மக்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். திருச்சி மாவட்டத்துத் துறையூர்ப் பக்கத்தவருக்குப் புளியஞ்சோலையிலிருந்து ஆற்றோரமாகச் செல்லும் காட்டுப்பாதை உண்டு. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய், நீராடி, சாமி கும்பிட்டுத் திரும்புவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வாய்த்த வெளியூர்ப் பயணம் என்றால் பலருக்கு இதுவே. மாசி பெரியசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வருவோரும் இதே போல நடந்தவர்களே.

மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற உடன்பிறந்தார் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்பது அவர்களின் வழிவழிக் கதை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லி மூன்றையும் அது ஒரே குடும்பமாக இணைக்கிறது. ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர், பட்டக்காரர் என்ற படிநிலைகள் நாட்டு ஆட்சியைத் தாங்கின. வழக்குத் தீர்ப்பும் திருவிழா நாள் குறிப்பும் அவர்கள் கையில் இருந்தன. சமவெளிக்கும் இவர்களுக்கும் இடையிலான தொடர்பு சந்தை வழியாக நடந்தது. மலைப்பழங்களும் தேனும் தலைச்சுமையாக இறங்கின. உப்பும் துணியும் ஏறின.

ஆங்கிலேயர் அன்றைய சேலம் மாவட்டத்தில் தங்களுக்கான மலைவாசத் தலமாகக் கொல்லியைத் தேர்ந்தெடுக்கவில்லை; ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1820களில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். தோட்டங்களைத் தொடர்ந்து பங்களாக்களும் வந்தன. கொல்லிமலை அதே உயரமும் குளிர்ச்சியும் உடையதுதான். அதை ஒதுக்கி வைத்தது மலேரியா. அடிவாரக் காடுகளில் ஓர் இரவு தங்கினாலே காய்ச்சல் வரும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் ஆழமாக இருந்தது. கொடைக்கானல் 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் கோடையையும் நோயையும் தப்பிப்பதற்காக உண்டாக்கிய குடியிருப்பு. கொல்லியிலோ நிலைமை தலைகீழ்: நோய் மலையில் இருந்தது, தப்பிப்பவர்கள் கீழே இறங்க வேண்டியிருந்தது.

ஆகவே இம்மலைக்கு வந்து தங்கிய வெள்ளையர்கள் ஓய்வெடுக்க வந்தவர்கள் அல்லர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் மலையேறினார்கள். வண்டிப்பாதை இல்லாததால் ஈவ்லின் டோலியில் தூக்கிச் செல்லப்பட்டார். வாழவந்தி நாட்டில் வீடு கட்டி, மருத்துவம் பார்த்து, பள்ளி நடத்தினார்கள். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914 ஜூலையில் பிறந்து, ஒன்பது வயதுவரை இம்மலையில் வளர்ந்தவர். பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார். ஜெஸ்ஸி 1929இல் மலேரியாவின் கடுமையான வடிவமான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் முதிய வயதிலும் மலைக்குத் திரும்பிக் குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்று பணி செய்தார். 1974இல் 95 வயதில் மறைந்து, கணவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கொல்லிமலைக்கு வந்த வெளியாரில் இத்தனை நீண்ட காலம் தங்கியவர் வேறு எவரும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

மலையைத் திறந்துவிட்டவை இரண்டு. ஒன்று, 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டதும் காய்ச்சல் பயம் தணிந்தது. மற்றொன்று, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போடப்பட்ட சாலை. காரவள்ளியிலிருந்து மேலேறும் அச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை வைத்திருக்கிறார்கள். பேருந்து வந்ததும் மலையின் பொருளாதாரமே புரண்டது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியது, ஏனென்றால் சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை லாரி லாரியாகக் கேட்டன. சில்வர் ஓக் மரங்களில் மிளகு படர்ந்தது. காபி, அன்னாசி, பலா, மலைவாழை, மலையிலுள்ள சோளக்காட்டுச் சந்தைக்கு வந்தன. குத்திப் புடைக்கும் வேலையும் சிறுதானியத்தைப் பின்னுக்குத் தள்ளியது. அந்தச் சுமை பெண்கள் தலையில்தான் விழுந்திருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே பழைய சாமை, தினை வகைகளைக் காக்கவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் முயன்றிருக்கிறது.

சாலை மட்டும் இருந்தால் போதாது. புறப்பட ஓய்வு நாளும் வேண்டும். தமிழ்நாட்டு உழவரின் நாட்காட்டியில் சனியும் ஞாயிறும் சேர்ந்த ஓய்வு என்று ஒன்று இருந்ததில்லை; சந்தை நாளும் திருவிழா நாளும்தான் வேலை நிற்கும் நாட்கள். ஞாயிறு விடுமுறை பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கே 1890இல், நாராயண் மேகாஜி லோகாண்டேயின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் 1985இல் வந்தது. பின்னர் பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர் மென்பொருள் நிறுவனங்கள் இரண்டு நாள் ஓய்வை ஒரு தலைமுறையின் இயல்பான எதிர்பார்ப்பாக்கின. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பெருகிய பொறியியல் கல்லூரிகளும் தம் பங்குக்கு மாணவர்களை இரு சக்கர வாகனங்களில் மலைக்கு அனுப்பின. எழுபது வளைவும் அவர்களுக்குப் பயணத்தின் இடைஞ்சல் அல்ல, பயணமே அதுதான்.

அரசும் தன் பங்குக்குக் காரணம் தேடிக் கொடுத்தது. ஆடிப் பதினெட்டை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழா பழைய கோயில் பயணத்தின் மேல் ஒட்டவைத்த அரசு விழா. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, துறைகளின் அரங்குகள் என்று அது நடக்கிறது. மலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் ஓரியின் சிலை நிற்கிறது. வாசலூர்பட்டியில் படகு இல்லம், சீக்குப்பாறையிலும் சேலூரிலும் காட்சி முனைகள், மாசிலா அருவி, நம் அருவி ஆகியவை பயணிகளின் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலின் தலையில் இருப்பது அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஏறி வருகிறவர்களின் கால்வலிக்கு மருந்து போல அங்கே முடவாட்டுக்கால் கிழங்குச் சூப் விற்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்பின் சுவை என்று சொல்லப்படும் இந்தக் கிழங்கு, சுற்றுலா வந்த பிறகுதான் சமவெளியிலும் பிரபலமானது.

ஆதாயம் எங்கே போகிறது என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. பழங்குடியினர் நிலத்துக்கு ஆந்திரத்து மலைப்பகுதிகளில் உள்ளது போன்ற கறாரான சட்டக் காப்பு இங்கே இல்லாததால், விடுதி கட்ட வருகிறவர்களுக்கு நிலம் கைமாறுவது எளிது. பயணியின் கண்ணுக்குப் படும் மலையும் மிகச் சிறியது. பெரும்பாலான இடங்கள் செம்மேட்டிலிருந்து கோயிலுக்குச் செல்லும் சாலையை ஒட்டியே அமைந்துள்ளன. மலையின் நாடுகளில் மரவள்ளியும் மிளகும் காபியும் விளைகின்றன. ஆனால் பலாவும் அன்னாசியும் வாங்க வரும் சுற்றுலாக்காரர் நின்று பேரம் பேசுவது இந்தச் சாலையோரக் கடைகளோடு முடிந்துவிடுகிறது. சந்தைக்குப் போய் விளைவித்தவரின் கையிலிருந்தே மிளகு வாங்குவது நல்லது. விலையும் குறைவு, பணமும் உரியவரிடம் சேரும்.