ஓலையில் கிடக்கும் பெயர்கள்

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கோயில் கட்டிய ராஜாவில் தொடங்குகிறார்கள். வயலுக்கென்று விற்கப்பட்ட நம்ம பாட்டன் பூட்டிகளை யாரு எழுதுனது? ஆண்டைதான் எழுதினான், கணக்குக்காக. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகளில் ஆளை விற்ற ஆவணங்கள் இருக்கின்றன.

தஞ்சை உள்ளிட்ட கம்பெனிப் பகுதியில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்தது. நாஞ்சில் நாட்டை ஆண்ட திருவிதாங்கூர் 1855இல் அடிமை முறையை ஒழித்தது. சட்டம் வந்தது, நிலம் வரவில்லை. தஞ்சையில் அடிமை பண்ணையாள் ஆனான். கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்ததற்குத்தான் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.

அவர்களை வருஷா வருஷம் கூடி நினைக்கிறோம். அதுபோல, ஓலையில் கிடக்கும் பெயர்களையும் அந்தந்த ஊர்த் தெருவில் கூட்டம் போட்டு உரக்க வாசிக்க வேண்டும். அவன் விலைக்கு எழுதின பெயரை நாம மரியாதையோட சொல்லுவோம்.