வேலியும் பயிரும்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. காக்க வேண்டியதே அழிக்க முற்படுமாயின், அவ்வேலியை என் செய்வது? பிடுங்கி எறிவதா, செப்பனிடுவதா? இயக்க நரம்பணு நோயின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

மூளையின் கட்டளையைத் தசைகளுக்கு ஏந்திச் செல்பவை இயக்க நரம்பணுக்கள். இவை மடிய மடியக் கை தளர்கிறது, கால் நடையிழக்கிறது, நாக் குழறுகிறது, இறுதியில் மூச்சுக்குரிய தசைகளும் ஓய்கின்றன. பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய சார்க்கோ என்னும் மருத்துவர், 1869ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். 1939இல் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் லூ கெரிக், இடையறாது 2,130 ஆட்டங்கள் ஆடியபின் இந்நோயால் களம் நீங்கினார், 1941இல் மறைந்தார்.

நோய் எதிர்ப்பாற்றலின் மீது ஐயம் விழுந்தது எவ்வாறு? தசைகளைச் சோர்வுறச் செய்யும் மயஸ்தீனியா என்ற வேறொரு நோயில், உடலின் எதிர்ப்புப் பொருள்களே உடலைத் தாக்குகின்றன என்பது 1970களில் தெளிவாயிற்று. குருதி நீரை மாற்றியபோது அந்நோயாளிகள் தேறினர். இயக்க நரம்பணு நோய்க்கும் அதுவே காரணமாகலாம் எனக் கருதிய மருத்துவர்கள், குருதி நீரை மாற்றினர், எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளைக் கொடுத்தனர், கதிர்வீச்சும் செலுத்தினர். நோய் நின்றபாடில்லை. ஐயம் முற்றிலும் தவறோ என்ற சோர்வு பலரை ஆட்கொண்டது.

விடைக்கான குறிப்பு வேறிடத்தில் இருந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் காவல் புரியும் மைக்ரோகிளியா என்னும் நுண்ணணுக்களை ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரியோ ஓர்த்தேகா 1919இலேயே இனங்கண்டிருந்தார். 1993இல், பரம்பரையாக வரும் இந்நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையொன்று கண்டறியப்பட்டது. அப்பிழையைச் சுண்டெலிகளுக்குப் புகுத்தி ஆய்வு செய்தனர். 2006இல் வெளிவந்த முடிவு வியப்பளித்தது. நரம்பணுக்களிலிருந்து பிழையை நீக்கியபோது நோய் தொடங்குவது தாமதமாயிற்று. காவலணுக்களிலிருந்து நீக்கியபோதோ, தொடங்கிய நோய் பரவும் விரைவு பெரிதும் குறைந்தது. தீயை மூட்டுவது ஒன்று. அதனை விசிறுவது மற்றொன்று என்பது புலனாயிற்று.

அங்ஙனமாயின் காவலரை அடக்கினால் போதுமன்றோ? அழற்சியைத் தணிக்கும் மினோசைக்ளின் என்ற மருந்து, எலிகளுக்கு நன்மை செய்தது. ஆயின் 2007இல் வெளியான ஆய்வில், அதனை உட்கொண்ட நோயாளிகள் உட்கொள்ளாதவரினும் விரைவாக நலிந்தனர். நம்பி வந்தவர்க்கு மருந்தே தீங்காயிற்று!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஸ்டான்லி அப்பெல் குழுவினர் நடத்திய ஆய்வுகள் இப்புதிருக்கு ஒளி தந்தன. நோயின் தொடக்கத்தில் காவலணுக்கள் நரம்பணுவைப் பேணுகின்றன, பின்னரே பகையாகின்றன. எதிர்ப்பாற்றல் எல்லை மீறாவண்ணம் அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள் குன்றியிருந்த நோயாளிகளிடம் நோய் விரைந்து முற்றியது. இவ்வடக்கும் அணுக்களை 1995இல் இனங்காட்டியவர் ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி. அவரும் அமெரிக்க அறிஞர் இருவரும் 2025இல் நோபெல் பரிசு பெற்றனர்.

1995இல் ரிலுசோல், 2023இல் டோஃபெர்சன் என மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோதிலும், நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. எனினும், வேலியைப் பிடுங்குவதன்று, நிலைநிறுத்துவதே வழி என்ற தெளிவு பிறந்துள்ளது. அடக்கும் அணுக்களைப் பெருக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

ஆசிரியப் பெருமக்களே! அறிவியல் பாடத்தில் வெற்றிகளை மட்டும் அடுக்கிச் சொல்வது நம் வழக்கம். பொய்த்துப்போன கருத்துகளையும் மாணவர்க்குச் சொல்வோம். அத்தோல்விகள் இன்றேல், காவலனுக்கு இரு முகங்கள் உண்டென்பதை மருத்துவ உலகம் கண்டிருக்குமோ? நோயுற்றோர் தம் உடலையே ஈந்து கற்பித்த பாடம் அது, மறத்தல் தகாது.