ஒல்லாந்து ஓவியரும் சோழமண்டலக் கரையும்

ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வாழ்ந்து மறைந்த ஒல்லாந்து ஓவியர் ஒருவரைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆண்டு விழா மலரில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் ரெம்பிராண்ட் என்னும் அப்பெரியாரின் வாழ்வையும் தொழிலையும் ஆராய்ந்து செல்வோமாயின், அவ்வழி நம்மைப் பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் கொண்டுவந்து சேர்க்கின்றது. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய குடும்பங்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அதில் அடங்கியுள்ளது.

ரெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் லெய்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மாவரைக்கும் ஆலை நடத்தியவர். இளமையில் உள்ளூர் ஓவியர் ஒருவரிடமும், பின்னர் ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் லாஸ்ட்மன் என்பாரிடமும் பயின்ற இவர், 1631ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாமிலேயே குடியேறினார். அடுத்த ஆண்டில், மருத்துவர் துல்ப் பிணத்தை அறுத்துப் பாடம் சொல்லும் காட்சியைத் தீட்டிப் பெரும் புகழ் பெற்றார். 1634இல் சாஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலைக்குப் பெரிய வீடொன்றை வாங்கினார்.

வீட்டின் விலையே பின்னாளில் அவர் கழுத்தில் கல்லாகத் தொங்கிற்று. 1642இல் 'இரவுக் காவல்' என்னும் பேரோவியத்தை முடித்த அதே ஆண்டில் மனைவியை இழந்தார். கடன் வளர்ந்தது. 1656இல் நொடித்துப்போன நிலையில் தம் உடைமைகளை முறைமன்றத்தாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் எழுதிய பட்டியலில் 363 இனங்கள் இருந்தன. 1658இல் வீடும் ஏலத்தில் போயிற்று. வாழ்க்கைத் துணையாய் வந்த ஹெண்ட்ரிக்கியே 1663இலும், எஞ்சியிருந்த ஒரே மகன் டைட்டஸ் 1668இலும் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்ட் கண்மூடினார். பெயர் பொறிக்கப் பெறாத வாடகைக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இத்துணைத் துயர்களுக்கிடையே அவர் விட்டுச் சென்ற செல்வம் யாது? எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டுமல்ல. செப்புத் தகட்டினின்று அச்சிட்ட ஏறத்தாழ 300 படங்களும் அச்செல்வத்துள் அடங்கும். அத்தொழிலை நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியாற் கீறி எழுதினர். கீறிய கோட்டில் மையைத் தடவி மேற்பரப்பைத் துடைத்தால், மை கீற்றினுள் மட்டும் தங்கி எழுத்துக் கண்ணுக்குப் புலனாகும். செப்புத் தகட்டு அச்சின் அடிப்படையும் இதுவே.

முதலில் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசுவர். அப்பூச்சின் மேல் ஊசியால் படம் வரைவர். ஊசி சென்ற இடத்தில் பூச்சு நீங்கிச் செம்பு வெளிப்படும். பின்பு தகட்டை அமிலத்தில் இடுவர். வெளிப்பட்ட செம்பை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். நெடுநேரம் அரித்த கோடு ஆழ்ந்து கறுத்துத் தோன்றும். சிறிது நேரமே அரித்தது மெலிந்து நிற்கும். இறுதியில் பூச்சை அகற்றி, மையைத் தேய்த்துத் துடைத்து, ஈரத்தாளை மேலிட்டு உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறிவிடும்.

ரெம்பிராண்ட் இம்முறையோடு நின்றாரல்லர். அமிலத்தை நாடாது, கூரிய ஊசியால் வெறுந்தகட்டையே நேரே கீறும் முறையையும் கையாண்டார். அவ்வாறு கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும். அப்பிசிறு மையைப் பற்றிக்கொண்டு, அச்சில் பட்டுப் போன்ற மென்கருமையைத் தரும். ஆயினும் சில பத்துப் படிகள் எடுப்பதற்குள் பிசிறு தேய்ந்துவிடும். 1653இல் அவர் செய்த 'மூன்று சிலுவைகள்' என்னும் படம் இவ்வகையினது. தகடு தேய்ந்தபின் அதனை எறியாமல், உருவங்களை அழித்தும் புதுக்கியும், பேரிருள் கவிந்த மற்றொரு காட்சியாகவே மாற்றி அச்சிட்டார்.

இனி நம் கடலுக்கு வருவோம். 1650இல் அவர் கூம்பு வடிவச் சங்கு ஒன்றைத் தகட்டில் வரைந்தார். பளிங்குக் கூம்பு எனப்படும் அவ்வினம் ஒல்லாந்துக் கடலில் வாழ்வதன்று. இந்தியப் பெருங்கடலும் பசிபிக் கடலுமே அதன் இருப்பிடம். தகட்டில் வரைந்தது அச்சில் இடவலம் மாறிவிடும். கையொப்பத்தை நேராக வருமாறு தலைமாற்றி எழுதிய ஓவியர், சங்கைக் கண்டவாறே வரைந்துவிட்டார். ஆகவே அச்சில் அதன் சுருள் எதிர்ப்புறமாய் அமைந்தது. நம் வழக்கிற் கூறின், இயற்கையில் இடம்புரியாய் இருந்தது தாளில் வலம்புரியாயிற்று!

அச்சங்கைப் போன்ற கீழைக் கடற்பொருள்களை ஒல்லாந்துக்குக் கொண்டுசென்றவை 1602இல் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கப்பல்கள். அவற்றின் வழியே சப்பானியத் தாளும் ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தது. அவற்றினும் அரியதாக, முகலாயச் சிற்றோவியங்களும் அந்நகரை அடைந்தன. ரெம்பிராண்ட் 1656க்கும் 1661க்கும் இடைப்பட்ட காலத்தில் அவற்றைப் பார்த்துச் சப்பானியத் தாளில் படியெடுத்தார். அவற்றுள் 23 படங்கள் எஞ்சியுள்ளன. ஷாஜகானும் தாரா ஷிகோவும் அவற்றுள் காட்சி தருகின்றனர். மரத்தடியில் அமர்ந்து உரையாடும் முதியோர் நால்வரின் படம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வமைப்பைத் தழுவி, ஆபிரகாம் வானவர்க்கு விருந்திடும் காட்சியை 1656இல் செப்புத் தகட்டில் அமைத்தார். இப்படங்களை ஒருங்கு திரட்டி, 2018இல் அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கெட்டி அருங்காட்சியகத்தார் கண்காட்சி நடத்தினர்.

ஆண்டைக் கருதுமின்! வீடும் பொருளும் கைவிட்டுப் போன நாள்களில், புகழின் உச்சியைக் கண்ட முதிய கலைஞர், தாம் காணாத நாட்டின் பெயரறியா ஓவியர்முன் மாணவராய் அமர்ந்தார். தம் வழக்கமான அழுத்தக் கோடுகளை விடுத்து, முகலாய ஓவியரின் மெல்லிய கோட்டைக் கற்றார். கல்வி ஒரு திசையில் மட்டும் சென்றதன்று. 1580இல் ஏசு சபையார் ஆண்ட்வெர்ப் நகரில் அச்சிட்ட படங்கள் கொண்ட மறைநூலை அக்பருக்கு அளித்தனர். 1600இல் அபுல் ஹசன் என்னும் 13 வயதுச் சிறுவன், செருமானியப் பெருங்கலைஞர் டியூரரின் அச்சுப்படத்தைப் பார்த்து யோவான் அடிகளின் உருவை வரைந்தான். அவன் பின்னர் ஜகாங்கீரின் அரசவை ஓவியனானான்.

இவ்வளவோடு முடிப்பின் நாம் பாதி வரலாறே கூறியவராவோம். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையை அமைத்தனர். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். சோழமண்டலத்து நெசவாளர் நெய்த துணிகளே அவர்தம் கீழ்த்திசை வாணிகத்திற்கு ஆணிவேர். ஆனால் துணியோடு வாணிகம் நிற்கவில்லை. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைப் பாழ்படுத்தின, பஞ்சம் சூழ்ந்தது. அவ்வாண்டுகளில் நாகை, பழவேற்காடு முதலிய துறைகளில் கும்பெனியார் 8,000 முதல் 10,000 மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினர் என வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். அவருள் பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் ஷாஜகானின் முகத்தை அன்போடு வரைந்துகொண்டிருந்த அதே காலம் அது. அரசன் முகம் தாளில் ஏறி நிலைத்தது; நம் உழவர், நெசவாளர் மக்கள் கப்பலேறி மறைந்தனர். அவர்தம் முகத்தை வரைந்து வைத்தார் எவருமிலர். ஓவியர் மேல் பழி சுமத்துவது நம் கருத்தன்று. பிச்சைக்காரரையும் முதியோரையும் பிறர் முகஞ்சுளித்த நாளில், அவரைத் தகட்டில் வரைந்து பெருமை செய்தவர் அவர். கலையின் மேன்மையைப் போற்றும் நாம், அதனைச் சுமந்த கப்பலின் அடித்தளத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

ரிச்சர்ட்ஸ் டவுன் வாழ் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் குடும்பங்கள் வடக்கே பழவேற்காடு வரை சென்று வரலாம். எலும்புக்கூட்டு உருவங்கள் காவல் நிற்கும் ஒல்லாந்தர் இடுகாடு அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளது. கல்லில் செதுக்கிய எழுத்துகளையும் குடும்பச் சின்னங்களையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பெயர் பொறித்துத் துயில்வோரையும், பெயரின்றிக் கரை கடந்தோரையும் ஒருங்கே அவர்கட்கு எடுத்துரையுங்கள்.

நம் பிள்ளைகள் கையில் எழுதுகோலும் தாளும் உள்ளன. அவர்கள் தம் பாட்டியின் முகத்தையும், தெருவில் காய்கறி விற்பாரின் முகத்தையும் வரையப் பழகட்டும். பிறர் கலையைப் பணிவோடு கற்பதும், தம்மவர் முகத்தை மறவாது வரைந்து வைப்பதும் ஆகிய இரண்டும் அமையப்பெற்ற சமூகம் எந்நாட்டிற் குடியேறினும் தன்னை இழப்பதில்லை.