மூக்கைத் தாண்டிய மகரந்தம்

1819-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள். லண்டன் மருத்துவர் கழகம் ஒன்றில் ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர் ஒரு நோயாளியின் வரலாற்றைப் படித்தார். அந்த நோயாளிக்குச் சிறு வயது முதலே ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கண்கள் எரியும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும். பின்னர் மார்பு இறுகி மூச்சுத் திணறும். கோடை கழிந்தால் எல்லாம் தாமே மறைந்துவிடும். அந்த நோயாளி வேறு யாருமல்லர், பாஸ்டாக்கேதான்!

கண்ணையும் மார்பையும் பருவந்தோறும் தாக்கும் நோய் என்றே அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். 1828-இல் மேலும் பல நோயாளிகளை ஆராய்ந்து, கோடை வெப்பமே காரணம் என்று கருதினார். மக்களோ உலர்ந்த புல்லின் மணத்தால் வருவது என்று நம்பி, ‘உலர்புல் காய்ச்சல்’ என்றனர். உண்மையில் அது காய்ச்சலும் அன்று. உலர்ந்த புல்லால் வருவதும் அன்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அது மூக்கைப் பற்றிய சிறு தொல்லை என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் நகரின் சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயால் வருந்தியவரே. தம் தோலைக் கீறி மகரந்தத்தைத் தடவினார். அவ்விடம் தடித்து வீங்கியது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளில் காற்றிலுள்ள மகரந்தத்தைப் பிடித்து, நுண்ணோக்கியில் எண்ணினார். பட்டத்தில் தகடுகளைக் கட்டி வானில் உயரவும் அனுப்பினார். 1873-இல் வெளிவந்த அவரது நூல், புல் மகரந்தமே குற்றவாளி என நிறுவியது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. புல்லின் மகரந்தத் துகள் 30 முதல் 40 மைக்ரான் வரை பருமனுள்ளது. வேகமாகச் செல்லும் பேருந்து சட்டென்று திரும்பும்போது நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்வதில்லையா? அதேபோல், மூக்கினுள் காற்று வளைந்து திரும்பும்போது, 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் நிலைமத்தால் நேரே சென்று ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியானால் மார்பு இறுகுவது ஏன்?

விடையின் ஒரு பகுதி, மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள் என்பதாகும். மூக்கில் எழும் அழற்சி, கீழே உள்ள மூச்சுக்குழல்களையும் தூண்டிவிடக்கூடும். மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டாலோ, மூக்கு என்னும் வடிகட்டியே பயனற்றுப் போகிறது.

மற்றொரு பகுதியை 1992-இல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ரை புல்லின் மகரந்தம் மழைநீரை உறிஞ்சி, சவ்வூடு பரவலால் உப்பி வெடிக்கிறது. ஒரு துகளிலிருந்து ஏறத்தாழ 700 மாவுச்சத்து மணிகள் சிதறுகின்றன. 3 மைக்ரானுக்கும் குறைந்த இம்மணிகள் ஒவ்வாமைப் புரதத்தைச் சுமந்து, சிறு மூச்சுக்குழல்கள் வரை தடையின்றிச் செல்கின்றன.

அங்கே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் வெளிப்படுகின்றன. குழல்களைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. சீரான ஓட்டத்தில் குழலின் ஆரம் பாதியானால், காற்றுக்கு ஏற்படும் தடை 2 மடங்கன்று, 16 மடங்காகிறது! இப்போது அந்த மூச்சுத் திணறலின் கடுமை உங்களுக்கு விளங்கும்.

2016 நவம்பர் 21 அன்று மாலை மெல்போர்னில் இடியுடன் புயல் வீசியது. வெடித்த மகரந்தத்தைப் புயற்காற்று நகர் முழுதும் பரப்பியது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினர். 10 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோருள் பலர் தமக்கு ஆஸ்துமா உண்டென்று அதுவரை அறியாதவர்கள். பருவத் தும்மல் மட்டுமே தம் நோய் என்று எண்ணியிருந்தவர்கள். அடுத்த ஆண்டே அங்கு இடிப்புயல் ஆஸ்துமா முன்னறிவிப்பு ஏற்பாடு தொடங்கப்பட்டது.

பாஸ்டாக் காரணத்தைக் கூறியதில் தவறினார். ஆனால் கண்ணையும் மார்பையும் சேர்த்தே பார்த்ததில் தவறவில்லை. நீங்களும் அவ்வாறே பாருங்கள். பருவந்தோறும் வரும் தும்மலோடு இரவு இருமலோ, மார்பில் இறுக்கமோ, மூச்சில் விசில் போன்ற ஒலியோ சேர்ந்தால், வெறும் மூக்குத் தொல்லை என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் மார்பையும் காட்டுங்கள்.