பகா எண் வைத்த பரீட்சை

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இரண்டு ரக ப்ராசஸர்களை இறக்கியது. ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, விலை 669 டாலர். மற்றது செலரான் 300ஏ, 149 டாலர். விலை குறைந்ததை வாங்கி உயர்ந்ததன் வேகத்தில் ஓட்டிவிடலாம் என்று கண்டுபிடிக்க அமெரிக்காவின் கணினிப் பித்தர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. மதர்போர்டின் பஸ் வேகத்தைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவதுதான் ப்ராசஸரின் வேகம்; செலரானில் அந்தப் பெருக்கெண் நாலரையில் பூட்டப்பட்டிருந்தது. பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 ஆக்கினால் கணக்கு தானாக 450-க்கு வந்து நிற்கும். ஏபிட் பிஎச்6 போர்டில் இதை பயாஸிலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், ப்ராசஸரின் பி21 என்ற தொடுமுனை மேல் துளி டேப் ஒட்டி போர்டை ஏமாற்றினார்கள்.

சரி, ஓடுகிறது. நம்பி ஓட்டலாமா?

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதெல்லாம் சாட்சியாகாது. மூன்று மணி நேரம் கழித்து நீலத் திரை வரலாம். அதையாவது கண்ணால் பார்க்க முடியும். சத்தமில்லாமல் ஒரு கூட்டல் தப்பாகிப் போனால் யாருக்குத் தெரியும்? இதற்கு ஒரு பரீட்சை தேவைப்பட்டது. அது வந்ததோ இப்படி வேகம் கூட்டும் ‘ஓவர்கிளாக்’ வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து.

ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 1996-இல் ஜிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த மெர்சென் பகா எண்களை, ஆர்வலர்களின் வீட்டுக் கணினிகளைக் கொண்டு தேடுவதுதான் வேலை. அதற்கான நிரல் பிரைம்95. ஓர் எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு பிட் பிசகினாலும் அத்தனை உழைப்பும் வீண். அதனால் விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து இயந்திரத்தைச் சோதிக்கும் வசதியும் நிரலில் இருந்தது. அதற்கு இட்ட பெயர் ‘டார்ச்சர் டெஸ்ட்’. பொருத்தமான பெயர்தான்.

அது பிழையைப் பிடிக்கும் விதம் அழகானது. பிரம்மாண்டமான முழு எண்களைப் பெருக்க, நிரல் தசமக் கணக்கு வழியாகச் சுற்றிப் போகிறது. கடைசியில் கிடைப்பவை முழு எண்ணை ஒட்டியே இருக்க வேண்டும். 7.02 வந்தால் 7 என்று கொள்ளலாம். 7.5 வந்தால்? ஏழா எட்டா என்று சொல்ல வழியில்லை; வன்பொருளில் கோளாறு என்று அறிவித்துவிட்டு நிரல் நின்றுவிடும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் அந்த வரியைப் பார்த்தவர், பேசாமல் வேகத்தை ஒரு படி இறக்குவார். 24 மணி நேரம் தாங்கினால் தேர்ச்சி என்பது எழுதாத சட்டமானது.

இதோடு ‘பர்ன்-இன்’ என்ற இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. சிப் ஆலைகளில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு. சூட்டிலும் கூடுதல் மின்னழுத்தத்திலும் சிப்பை ஓட்டி, சீக்கிரம் சாகப் போவதை வாசலைத் தாண்டுமுன்பே சாகவிடுவது. வீட்டுக்கு வந்ததும் அதன் பொருள் தலைகீழானது. புது பைக்கை ரன்னிங்-இன் செய்வதுபோல, சில நாள் வாட்டினால் ப்ராசஸர் பதப்பட்டு இன்னும் வேகம் கொடுக்கும் என்று பலர் நம்பினார்கள். சிலிக்கான் அப்படிப் பழகுவதில்லை. அதிக மின்னழுத்தம் உள்ளிருக்கும் உலோக இழைகளை அரிக்கத்தான் செய்யும். 2002-இல் வந்த நார்த்வுட் பென்டியம் 4-களை 1.7 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியவர்கள் அதை நேரில் பார்த்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை ஒருநாள் திடீரென்று செத்தன. உண்மையில் நாள்பட நாள்படப் படிந்தது சிப்புக்கு மேலே தடவிய, வெப்பம் கடத்தும் பசைதான். ஆர்க்டிக் சில்வர் 5 பசை முழுதாகப் படிய 200 மணி நேரம் வரை ஆகும் என்று அதன் தயாரிப்பாளரே சொன்னார். பசை படியப் படியச் சூட்டில் குறைந்த ஓரிரு டிகிரியைத்தான் சிலர் ப்ராசஸரின் பக்குவம் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும்.

பிரைம்95 ஆலையின் பிழையையும் ஒருமுறை பிடித்தது. இன்டெலின் ஸ்கைலேக் ப்ராசஸர்கள் 14942209 என்ற அடுக்கெண்ணைச் சோதிக்கையில் உறைந்து நின்றன. 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, திருத்தத்தை பயாஸ் வழியே அனுப்பியது. உறைந்தவற்றில் யாரும் வேகம் கூட்டாத ப்ராசஸர்களும் இருந்தன.